அண்ணி அனுப்பிய சேறு

பல் போன கிழவர்கூட அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். தபால்காரருக்கும் அண்ணி, லைன்மேனுக்கும் அண்ணி, சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அண்ணி. "எங்க அப்பாவே உங்கள அண்ணின்னுதான் கூப்பிடுறாரு. அப்ப நான் என்னன்னு கூப்பிடுறது?" என்று கடை வாசலில் ஒருத்தன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நீயும் அப்படியே கூப்பிடு. எனக்கு வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்ல" என்றார் அவர், கையிலிருந்த செம்புக் கம்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஊர் வைத்த முழுப் பட்டம் மோட்டார் அண்ணி. அதில் பாதியை வைத்தது ஊர் அல்ல, அவருடைய நாத்தனார். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் "அண்ணி, அண்ணி" என்று நாள் முழுக்கப் பின்னாலேயே திரிந்தவள் அவள். கடைக்கு வந்தவர்கள் காதில் அதுவே விழுந்து விழுந்து, ஊர் மொத்தமும் பிடித்துக்கொண்டது. கொடுமையைப் பாருங்கள், ஊரே அப்படிக் கூப்பிடப் பழகிய பிறகு, கூப்பிட உரிமையுள்ள அந்த ஒருத்தி மட்டும் நிறுத்திவிட்டாள். வருஷக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் தண்ணீர் செய்த வேலை.

அதற்கு முன்னால் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவின் கடைசியில் ஒட்டினாற்போல் இரண்டு அறைகள். முன்னறைச் சுவரில், போர் போட்ட ஆழ்துளைக் குழிக்குள் இறக்குகிற நீள மோட்டார்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. ஒவ்வொன்றின் கழுத்திலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய அட்டை. உள்ளே காலை வைத்ததும் கருகின வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறும். பின்னறையில் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்ற ஒரு கை காயில் மெஷின், தரையில் பாதி புதைத்த தண்ணீர்த் தொட்டி. கட்டி முடித்த மோட்டாரை அந்தத் தொட்டியில் முக்கி ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

அண்ணிக்கு இந்த வேலையை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையில் முன்பு காயில் கட்டிக்கொண்டிருந்த ஆள், ஒரு மோட்டாரைப் பாதியில் போட்டுவிட்டு நல்ல சம்பளம் என்று ஒரு ஃபேக்டரிக்கு ஓடிவிட்டான். மோட்டாருக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்று குதிக்கிறார். புருஷனுக்கோ சங்கிலிக் கப்பியைக் கட்டி மோட்டாரைத் தூக்கவும் இறக்கவும்தான் தெரியும். அதனாலேயே அவருக்குக் கப்பிக்காரர் என்று பெயர். அண்ணி அதே அளவுள்ள இன்னொரு மோட்டாரைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துப் பார்த்து, பார்த்தபடியே இதைக் கட்டி முடித்தார். தொட்டியில் முக்கி ஸ்விட்சைப் போட்டார்கள். ஓடியது. எதிர்ப்பக்கமாக ஓடியது. "ஓடுதுல்ல! திருப்பி விடுறது பெரிய விஷயமா?" என்று இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த வேலை, அப்புறம் யாராலும் அவர் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை.

இந்த வகை மோட்டார் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிற வரைக்கும்தான் பிழைத்திருக்கும். சுற்றி நிற்கிற தண்ணீர்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. தண்ணீர் இறங்கிவிட்டால் காற்றை இழுத்து இழுத்துக் கருகிப்போகும். அந்தப் பக்கத்தில் வருஷா வருஷம் நிலத்தடித் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது, அண்ணி கடையில் அட்டை கட்டிய மோட்டார்கள் கூடிக்கொண்டே போயின. ஊருக்கு வந்த கேடு கடைக்கு வந்த யோகம். வேறு யாராக இருந்தாலும் இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டு, கடைக்குப் புது போர்டு மாட்டியிருப்பார்கள். அண்ணியோ வருகிறவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் பெரிய மோட்டாரா போட்டுக் குடுங்க அண்ணி."

"டம்ளர் காலியா கிடக்குது. ஸ்ட்ராவை மட்டும் பெருசா வாங்கி என்னத்த உறிஞ்சப் போறீங்க?"

"அப்ப இன்னொரு லென்த் இறக்கிடலாமா?"

ஒரு முழுக் குழாயின் நீளத்தை அந்தப் பக்கத்தில் லென்த் என்பார்கள். தண்ணீர் எட்டவில்லை என்றால் அடியில் இன்னொரு குழாயைச் சேர்த்து மோட்டாரைக் கீழே இறக்குவது வழக்கம். யாருக்குமே தண்ணீர் குறைகிறது என்று சொல்ல வாய் வராது. குழாய் பத்தவில்லை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவரும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தார். மாமனார் நிலத்தை அண்ணனுக்கும் தங்கைக்கும் பிரித்துக் கொடுத்தபோது நடுவில் ஒரு வரப்புதான். ரோட்டை ஒட்டிய பாதி, வீட்டோடு சேர்த்து, அண்ணன் கப்பிக்காரர் பக்கம், உள்ளே தள்ளி இருந்த பாதி தங்கை பக்கம். அங்கே ஒரு போர், இங்கே ஒரு போர்; அங்கே இருந்தது கொஞ்சம் ஆழம். ஒரு கோடையில் அண்ணி வீட்டுப் போரில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. "அவ ராத்திரி பகல்னு பாக்காம ஓட்டுறா" என்றார் கப்பிக்காரர். அதே சமயத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம், "அண்ணன் ஒரேயடியா உறிஞ்சிட்டாரு" என்று பேச்சு. வாய் தடித்து, திருடி என்ற சொல் யார் வாயிலிருந்தோ விழுந்துவிட்டது. யார் சொன்னது என்று இன்றைக்குக் கேட்டாலும் இரண்டு வீட்டாரும் அடுத்த வீட்டைத்தான் காட்டுவார்கள்.

அதோடு சரி. நாத்தனார் தன் மோட்டார் கருகினால் பக்கத்தில் இருக்கிற அண்ணி கடையைத் தாண்டி, டவுனுக்குத் தூக்கிப் போனாள். அது டவுனிலிருந்து வந்து ஓடும்போது வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே அண்ணி பல்லைக் கடிப்பார். "சத்தத்தைக் கேளுங்க. காயில் கட்டிருக்கானா, கயிறு திரிச்சிருக்கானா?" கோபம் நாத்தனார் மேலா மோட்டார் மேலா என்று கப்பிக்காரருக்கே புரியாது. அங்கே சங்கிலிச் சத்தம் கேட்டால், ஒரு லென்த் இறக்குகிறார்கள் என்று அர்த்தம். உடனே இங்கேயும் ஒரு லென்த் இறங்கும். ஊருக்கெல்லாம் ஸ்ட்ரா கதை சொன்ன அண்ணி, சொந்த வரப்பில் மட்டும் வீம்புக்கு இறக்கினார்.

இறக்கி இறக்கி ஒருநாள் அண்ணி வீட்டு மோட்டார் போரின் அடிப்பாறையைத் தொட்டது. அதற்கு மேல் இறக்க இடமில்லை. மோட்டாரைப் போட்டால் குழாய் இருமிக் காற்றைத் துப்பியது. "வரப்போரமா புதுசா ஒண்ணு போட்டுருவோம். போர் வண்டிக்காரன்கிட்ட பேசிட்டேன்" என்றார் கப்பிக்காரர்.

"வேண்டாம்."

"ஏன்?"

"நாம போட்டா அவளோடது காயும். அவ ஆழமா போட்டா நம்மளோடது காயும். கடைசியில ரெண்டு பேரும் பாறையைத்தான் நக்கணும்."

அண்ணி இதைச் சொல்வார் என்று கப்பிக்காரர் எதிர்பார்க்கவில்லை. வீம்பு இறங்கியதற்குக் காரணம் அந்தக் காலி போர்தான். அதன் வாயில் காதை வைத்துக் கேட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை என்றும், அது தன்னை என்னவோ செய்துவிட்டது என்றும் பின்னால் சொன்னார். கேட்டுவிட்டு எழுந்தவருக்கு ஒரு யோசனை. மழைக்காலத்தில் ரோட்டோர வாய்க்காலில் அத்தனை தண்ணீர் சும்மா ஓடிப்போகிறதே, அதைத் திருப்பி இந்தக் காலி போருக்குள் விட்டால் என்ன? இத்தனை நாள் எடுத்த குழிக்குக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமே.

மோட்டாரை மேலே தூக்கினார்கள். வாய்க்காலிலிருந்து போர் வாய் வரைக்கும் இரண்டு பேருமாகக் கால்வாய் வெட்டினார்கள். போரின் மேல்குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டார்கள். வேலை முடிந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் நிறைந்து கால்வாயில் பாய்ந்து, தண்ணீர் போருக்குள் மடக் மடக்கென்று இறங்கியது. நிரம்பவே இல்லை. குடித்துக்கொண்டே இருந்தது. குடையும் கோணிப்பையுமாக ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அண்ணி நனைந்துகொண்டே நின்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். "குடி, குடி. நல்லா குடி" என்றார். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் வீட்டுக்குப் போய் அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணி கடையைத் திறந்துகொண்டிருந்தார். தெருவில் விறுவிறுவென்று யாரோ நடந்து வருகிற சத்தம். நிமிர்வதற்குள் ஒரு வாளிச் சேறு வாசற்படியில் கொட்டியது.

"என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க?"

நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ராத்திரி மோட்டார் போட்டிருக்கிறாள். முதலில் கலங்கலாக வந்திருக்கிறது, அப்புறம் குழம்பாக வந்திருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் அத்தனையும் அடைத்துப்போய், மோட்டார் உறுமி உறுமி நின்றே விட்டது. "தூக்கலாம்னு பாத்தா அசையவே மாட்டேங்குது. சேறு மேல உக்காந்து பிடிச்சுக்கிச்சு. எலுமிச்சை இப்பதான் பிஞ்சு பிடிச்சிருக்கு அண்ணி! இன்னும் கொஞ்ச நாள் தண்ணி இல்லன்னா பிஞ்சும் இல்ல, மரமும் இல்ல. வீட்டுக்காரரு லாரியோட எங்கயோ இருக்காரு, நான் ஒத்தையா வளத்த மரம்!"

அண்ணி குனிந்து சேற்றை அள்ளி விரலுக்கு நடுவில் தேய்த்தார். சிவப்பாக இருந்தது. நாத்தனார் நிலம் கரிசல், ஒரு பிடி செம்மண் கிடையாது. ரோடு போடுவதற்காகச் செம்மண் கொட்டியிருந்தது அண்ணி நிலத்துக்கு முன்னால், அந்த வாய்க்கால் ஓரத்தில்தான்.

"இது என் வாசல் மண்ணுடி" என்றார். "நேத்து என் போர்ல இறங்கினது உன் குழாயில வந்திருக்கு. உள்ள ரெண்டும் ஒரே ஊத்து. இத்தனை வருஷமா நாம ஒரே குடத்துக்குள்ளதான் கையை விட்டுக்கிட்டு, திருடி திருடின்னு கத்திருக்கோம்."

"குடம் இருக்கட்டும். என் மரத்துக்கு வழி சொல்லுங்க."

வடிகட்டாமல் சேற்றோடு விட்டது முழுக்க முழுக்கத் தன் தப்பு என்று அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டார் உள்ளேயே மாட்டிக்கொண்டால் அந்தப் போர் போயிற்று. போர் போனால் தோப்பு போயிற்று. "தப்பு என்னோடது. வா, போலாம்" என்றார். திறந்த கடையைப் பூட்டக்கூட இல்லை.

கப்பிக்காரர் நாத்தனார் போர் மேல் மூன்று கம்பம் சேர்த்துக் கட்டிய முக்காலியை நிறுத்திச் சங்கிலியைப் போட்டு இழுத்தார். சங்கிலி விறைத்தது, முக்காலியின் கால் மண்ணுக்குள் இறங்கியது, குழாய் இம்மியும் நகரவில்லை. "இன்னும் ஒரு இழு இழுத்தா வந்துரும்" என்றார். அண்ணி குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இழுவையில் குழாய் நடுங்குவது கையில் தெரியும், எங்கே பிடித்திருக்கிறது என்பதும் தெரியும் என்பார். "நிறுத்துங்க! இதுக்கு மேல இழுத்தா குழாய் அறுந்து மோட்டார் உள்ளயே தங்கிடும். தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பீங்க?"

போர் கழுவுகிற கம்ப்ரஸர் வண்டியை வரவழைத்தார்கள். காற்றுக் குழாயைப் பக்கவாட்டில் உள்ளே விட்டு ஊதினால் அடியில் உட்கார்ந்த சேறு கலங்கி மேலே வரும். கொஞ்சம் ஊது, கொஞ்சம் இழு. மறுபடி ஊது, மறுபடி இழு. அண்ணி குழாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "ம், இளகுது. மெதுவா. மெதுவாங்கிறேன்ல!" திடீரென்று போர் வாயிலிருந்து செந்தண்ணீர் பீய்ச்சி அடித்து மூன்று பேரையும் தலையோடு காலாகக் குளிப்பாட்டியது. கப்பிக்காரர் கண்ணைத் திறக்க முடியாமல், செம்மண்ணில் பிடித்து வைத்த பொம்மை மாதிரி நின்றார். நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. சிரித்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் மோட்டார் மேலே வந்தது. அண்ணி அங்கேயே அதைப் பிரித்தார். உள்ளே கரி.

"இதை எவன் கட்டினான்?"

"டவுன்ல."

"தெரியுது."

நாத்தனார் முறைத்தாள். ஆனால் அண்ணி பின்னாலேயே கடைக்கு வந்து, கேட்காமலேயே கத்தரிக்கோலை எடுத்து இன்சுலேஷன் பேப்பர் வெட்ட உட்கார்ந்தாள். எந்த அளவு என்று கேட்கவில்லை; அண்ணி பின்னாலேயே திரிந்த காலத்தில் வெட்டிப் பழகியது, மறக்கவில்லை போலிருக்கிறது. அண்ணி காயில் சுற்றினார். கப்பிக்காரர் வாடகைக்கு டேங்கர் பிடித்து மரத்துக்கு மரம் ஊற்றினார். மோட்டார் மறுபடி இறங்கி ஓடியபோது முதலில் சிவப்பாக வந்தது, அப்புறம் டீ நிறத்தில் வந்தது, கடைசியில் தெளிந்தது. மரம் பிழைத்தது. பிஞ்சில் நிறைய உதிர்ந்து போனது. உதிர்ந்து கிடந்ததை அண்ணி தோப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவரிடத்தில் நான் பெரிதாக மதிப்பது அடுத்துச் செய்ததைத்தான். வேறு யாராவது என்றால், நடந்ததை மூடி மறைத்துவிட்டு, போர் நன்றாகக் குடித்தது என்ற பேரை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார்கள். அண்ணி ஒரு வாளிச் செஞ்சேற்றை அள்ளி வந்து கடை மேஜை மேல் வைத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம், "இது நான் என் நாத்தனாருக்கு அனுப்பின சேறு. நீங்களும் யாருக்காவது அனுப்பிடாதீங்க" என்றார். ஏற்கெனவே கால்வாய் வெட்டியவர்களின் வீட்டுக்குத் தானே போய், நின்று மூட வைத்தார். "அன்னைக்குக் கை தட்டினீங்களே அண்ணி" என்று ஒருவர் குத்திக் காட்டினார். "தட்டினேன். அதே கையாலதான் இப்ப மூடச் சொல்றேன்" என்று பதில் வந்தது.

பிறகு விசாரித்து விசாரித்து முறையான வழியைத் தெரிந்துகொண்டார். தண்ணீர் வந்து நின்று வண்டல் படிய முதலில் ஒரு குழி. அதைத் தாண்டி, போரைச் சுற்றி இன்னொரு பெரிய குழி. அடியில் பெருங்கல், அதன் மேல் ஜல்லி, அதற்கும் மேல் மணல். போர்க் குழாயில் துளை போட்டு வலை சுற்றி, மணலும் கல்லும் வடிகட்டிய தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும்படி. முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு மடை. கல் சுமக்க நாத்தனாரும் வந்தாள். பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கூடையைக் கை மாற்றிக்கொண்டார்கள்.

குழி முடிகிற சமயத்தில் அண்ணி ஒரு முடிவு சொன்னார். மழைத் தண்ணீரை உள்ளே விடுகிற போரிலேயே இறைக்கவும் செய்தால் குழி பாழாகும். அதனால் தங்கள் போரில் இனி மோட்டார் இல்லை. அது மழையைக் குடிக்க மட்டும். எடுப்பது நாத்தனார் போரிலிருந்துதான்.

கப்பிக்காரருக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. "அப்ப நம்ம நிலத்துக்கு?"

"அவ விடுவா."

"விடலைன்னா? திரும்பவும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா?"

அண்ணி கையிலிருந்த ஜல்லிக் கூடையைக் கீழே வைத்தார். அவருக்கும் பயம் இல்லாமல் இல்லை. நிலத்தின் உயிரை எடுத்து, பல வருஷம் முகம் கொடுக்காதவள் கையில் வைக்கிற காரியம் அது. "விடலைன்னாலும் தண்ணி மண்ணுக்குள்ளதானே இருக்கும்" என்றார். தன் மோட்டாரின் கேபிளை வெட்டிச் சுருட்டி, மோட்டாரைக் கடைக்குக் கொண்டுபோய், விற்பனைக்கு என்று அட்டை கட்டிச் சாய்த்துவிட்டார்.

அந்த வருஷம் மழை சுமார்தான். இருந்தாலும் வந்தது எல்லாம் கல்லையும் மணலையும் தாண்டிச் சத்தமில்லாமல் உள்ளே போனது. நாத்தனார் போரில் தண்ணீர் மட்டம் ஏறியது. அவள் மோட்டாரை ஒரு லென்த் மேலே தூக்கினாள். அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிராத காரியம். எல்லோரும் இறக்கத்தான் கப்பிக்காரரைக் கூப்பிடுவார்கள், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் ஒரு குழாயைக் குறைக்க அழைப்பு வந்தது. ஆனால் அண்ணி நிலத்துக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. இவர்கள் பக்கத்து நிலம் தரிசாகவே கிடந்தது. கப்பிக்காரர் மட்டும் தினம் வரப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மழைக்காலம் முடிந்தபின் ஒரு காலை, நாத்தனார் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வரப்பை வெட்டிக் குழாய் பதித்தார்கள், பக்கத்திலேயே கேபிள் ஒன்றையும் பதித்தார்கள். தண்ணீர்க் குழாய் எதற்கு என்று அண்ணிக்குப் புரிந்தது. கேபிள் எதற்கு என்று புரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலக்ட்ரீஷியன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தூக்கிவந்து அண்ணி வீட்டுச் சுவரில் வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தார்.

"இங்க எதுக்குடி? மோட்டார் உன்னோடதாச்சே."

நாத்தனார் அண்ணி முகத்தைப் பார்க்காமல் கேபிளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "அங்க இருந்ததக் கழட்டித்தான் கொண்டு வந்திருக்கேன். தண்ணி என் போர்ல கிடக்கட்டும். ஸ்விட்ச் உங்க செவுத்துல இருக்கட்டும். இனிமே நீங்க போட்டாத்தான் எனக்கும் தண்ணி."

எத்தனையோ தோட்டத்து ஸ்டார்ட்டர்களைத் தட்டிப் பழகிய கை, பச்சைப் பொத்தான் வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டது.

"அமுக்குங்க அண்ணி. மரம் காயுது" என்றாள் நாத்தனார்.